தங்கம் எந்த எண்ணில் காட்டும்?

மெட்டல் டிடெக்டர் வைத்திருக்கிறேன் என்று தெரிந்ததும் எல்லாரும் கேட்கிற கேள்வி இதுதான். புதிதாக ஒன்றைக் கையில் எடுத்தவர்களும் இதையே கேட்கிறார்கள். திரை நடுவில் பெரிதாக ஒரு எண், பக்கத்தில் ஆழம் காட்டும் சின்ன அம்புகள். அதைப் பார்த்தால் எங்கோ ஒரு பட்டியல் இருக்கத்தான் வேண்டும் என்று யாருக்கும் தோன்றும்: இரும்பு இத்தனை, வெள்ளி இத்தனை, தங்கம் இத்தனை. தங்கத்துக்கு அப்படி ஒரு எண் கிடையாது. ஏன் கிடையாது என்பது விளங்கிவிட்டால் திரையை வாசிப்பதில் பாதி வேலை முடிந்துவிடும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில். பம்பலப்பிட்டியிலிருந்து கல்கிசை வரையுள்ள கரையில், கடலில் கால் நனைக்கவோ குளிக்கவோ போய் நகையைத் தொலைத்தவர்கள் கூப்பிட்டால் போய்த் தேடிக் கொடுப்பேன். என் வேலை அவ்வளவுதான். கையில் இருப்பது மைன்லாப் ஈக்வினொக்ஸ் 800. அதன் திரையில் எண்கள் -9 முதல் 40 வரை ஓடும். 0-வும் அதற்குக் கீழேயும் இரும்புப் பக்கம், 1-இலிருந்து மேலே மற்ற உலோகங்கள். வேறு பல மெஷின்களில் 0 முதல் 99 வரை இருக்கும். ஆகவே ஒரு மெஷினின் 13-ஐ இன்னொரு மெஷினின் 13-உடன் ஒப்பிடவே கூடாது. நான் இங்கே சொல்லும் எண்கள் எல்லாம் என் மெஷினுக்கு உரியவை.

சரி, அந்த எண் எங்கிருந்து வருகிறது?

மெஷினின் அடியில், மணலுக்கு மேல் வீசும் வட்டத் தட்டுத்தான் கொயில். அது ஒரு காந்தப் புலத்தை மணலுக்குள் அனுப்புகிறது. அந்தப் புலம் மாறிக்கொண்டே இருப்பதால் கீழே கிடக்கும் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அது தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப் புலத்தை உண்டாக்க, கொயிலின் உள்ளேயே இருக்கும் இரண்டாவது கம்பிச் சுற்று அதைப் பிடிக்கிறது. அனுப்பியதற்கும் திரும்பி வந்ததற்கும் நடுவே ஒரு பிந்தல் இருக்கும். மின்னோட்டம் அந்தப் பொருளுக்குள் எவ்வளவு சுலபமாக ஓடி, எவ்வளவு நேரம் நிலைக்கிறதோ அந்த அளவுக்குப் பிந்தல் கூடும். தடித்த வெள்ளி நாணயத்தில் அதிகம், சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளில் மிகக் குறைவு. இரும்பு தானே காந்தமாகக் கூடியது என்பதால் அதன் பதில் வேறு மாதிரி வரும். மெஷின் இந்தப் பிந்தலை அளந்து எண்ணாக மாற்றித் திரையில் போடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, பிந்தலைத் தீர்மானிப்பது உலோகம் மட்டுமல்ல. அளவு, தடிப்பு, வடிவம் எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒரே எண்ணுக்குள் வருகின்றன. செட்டியார் தெருவில் ஆசாரி உரைகல்லில் ஒரு கோடு இழுத்தால் மாற்று, அதாவது தங்கத்தின் சுத்தம், தெரிந்துவிடும், அது வளையலா மோதிரமா என்பது அவருக்குத் தேவையே இல்லை. நம் திரைக்கு அந்தப் பிரிப்பு தெரியாது. சின்ன வெள்ளித் துண்டும் பெரிய ஈயத் துண்டும் ஒரே எண்ணில் வந்து நிற்கும்.

தங்கத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சுத்தத் தங்கம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், வெள்ளிக்கும் செம்புக்கும் அடுத்த இடம் அதற்குத்தான். ஆனால் நம் நகைகளைச் சுத்தத் தங்கத்தில் செய்வதில்லை. நம்முடைய 22 கரட்டில் 100-க்கு 91.6 பங்குதான் தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். செம்பும் வெள்ளியும் தனித்தனியே தங்கத்தைவிட நல்ல கடத்திகள்தானே என்று கேட்பீர்கள். கலந்தால் அப்படி நடப்பதில்லை. ஒன்றுக்குள் ஒன்று கரையும்போது கடத்தும் திறன் பெரிதாக விழுந்துவிடும். வெளிநாட்டில் வாங்கும் 18 கரட், 14 கரட் நகைகளில் கலப்பு இன்னும் அதிகம். ஆகவே தோட்டுத் திருகு 1, 2 என்று காட்டும். மெல்லிய மோதிரம் 5-இலிருந்து 10 வரை எங்கும் வரலாம். ஆண்கள் போடும் கனத்த மோதிரம் 15-க்கு மேல் போகும், 22 கரட்டில் நல்ல பாரமானது என்றால் 20-ஐயும் தாண்டும். இதே வீச்சுக்குள்தான் கடற்கரைக் குப்பையின் பெரும்பகுதியும் கிடக்கிறது. பிஸ்கட் சுற்றிய தாள் கீழ் எண்களில், டின் சோடாவைத் திறக்கும் அந்த நாக்கு 10-க்கும் 16-க்கும் இடையில், நசுங்கிய அலுமினியத் துண்டுகள் எங்கு வேண்டுமானாலும். நாக்கைத் தோண்ட மனமில்லாதவர் மோதிரத்தையும் தோண்டமாட்டார்.

வடிவத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் நகைகளுக்கு இதுதான் முக்கியம். முழு வட்டமாக மூடிய மோதிரத்தில் மின்னோட்டம் சுற்றிச் சுற்றி ஓடும். சிக்னல் பலமாக, எண் அசையாமல் நிற்கும். அதே மோதிரத்தை ஓரிடத்தில் வெட்டிவிட்டால் ஓட்டம் தடைப்பட்டு எண் சடாரென்று கீழே இறங்கும். தங்கமும் எடையும் மாறவில்லை, வெட்டு மட்டும்தான் புதிது. கால் விரலில் போடும் மெட்டி பெரும்பாலும் அடிப்பக்கம் வாய் திறந்தது. வெள்ளி என்பதால் மேல் எண்ணில்தான் வரும் என்று காத்திருந்தால் மெட்டி கிடைக்காது. வாய் இரண்டும் லேசாக முட்டிக்கொண்டிருந்தால் இன்னும் சங்கடம், ஒரு வீச்சில் ஓர் எண், அடுத்த வீச்சில் வேறோர் எண்.

சங்கிலி இதைவிட மோசம். ஐந்து பவுண் தாலிக்கொடி என்றால் அது பெரிய தங்கம், மெஷின் அலற வேண்டும் என்று நினைப்போம். மெஷினுக்கு அது ஐந்து பவுண் அல்ல. ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிச் சின்ன வளையம். கண்ணிக்கும் கண்ணிக்கும் இடையே தொடுகை சரியாக இல்லாததால் மின்னோட்டம் முழு நீளத்துக்கும் ஓடாது. கொக்கியோ தாலியோ அருகில் இருந்தால்தான் ஏதாவது உருப்படியாகக் கேட்கும். கொலுசும் அப்படியே, வெள்ளியாக இருந்தாலும்.

வெள்ளவத்தையில், இராமகிருஷ்ண வீதி போய் முடிகிற பக்கம் ஒரு அக்காவின் தாலிக்கொடி கடலில் விழுந்தது. அவரும் தம்பியும் மாலையில் கூப்பிட்டார்கள். நான் போனதும் முதலில் கேட்டது, அதே மாதிரிக் கொடி வீட்டில் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்பதுதான். அவருடைய தங்கச்சியிடம் அதே ஆசாரி செய்த கொடி ஒன்று இருந்தது. அதை வாங்கி, ஒரு நூலில் கட்டி, ஈர மணலில் நாலு விரல் ஆழத்தில் புதைத்து மேலே கொயிலை வீசிப் பார்த்தேன். 2 வந்தது, சில வீச்சில் 1, சில வீச்சில் ஒன்றுமே இல்லை. தாலி இருந்த பக்கத்தில் மட்டும் 6, 7. சத்தம் மெலிதாக, நடுவில் அறுந்து அறுந்து வந்தது. அன்றைக்குத் தேட வேண்டியது எது என்று அத்தோடு தெரிந்துவிட்டது.

தேடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அதே மாதிரி ஒரு 2. பக்கத்தில் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, "அண்ணா, ரெண்டு எண்டுதானே காட்டுது, அது ஏதும் பேப்பராத்தான் இருக்கும், விடுங்கோ" என்றார். அக்கா விடவில்லை. "தம்பி, அதையும் ஒருக்காப் பாருங்கோ" என்றார் என்னிடம். "பாக்காமல் விடமாட்டன் அக்கா" என்றேன். முதல் அள்ளலில் பிஸ்கட் தாள். அடுத்த 2-உம் தாள். அதற்கடுத்ததில் ஸ்கூப்பின் ஓட்டைகள் வழியே மணல் இறங்க, அடியில் கொடி சுருண்டு கிடந்தது. கொக்கி நெளிந்து திறந்திருந்தது. திரை மூன்று இடத்திலும் ஒரே எண்ணைத்தான் காட்டியது.

ஆகவே என் முறை இதுதான்: தேடுவதற்கு முன் மாதிரி. ஒற்றைத் தோடு தொலைந்திருந்தால் மிகவும் நல்லது, காதில் இருக்கும் மற்றதைக் கழற்றிப் புதைத்துப் பார்க்கலாம். மோதிரம் என்றால் அதே கனத்தில் இன்னொன்று. மாதிரி கிடைக்காத நாட்களில் 1-இலிருந்து 25 வரை எல்லாவற்றையும் தோண்டுவேன். நேரம் பிடிக்கும். வேறு வழியில்லை.

இனி, எண் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்ப்போம். இது எண்ணைவிடப் பெறுமதியானது. ஒரு சிக்னல் கிடைத்ததும் அதே இடத்தில் கொயிலைக் குறுக்கி வீச வேண்டும், பிறகு நாம் நகர்ந்து பக்கவாட்டில் நின்று வீச வேண்டும். இரண்டு பக்கமிருந்தும் எண் ஒன்றிரண்டுக்கு மேல் மாறாமல் நின்றால் கீழே இருப்பது வட்டமான, உடையாத பொருள். எண் தாவினால் நெளிந்தது, கிழிந்தது, அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட பொருள். ஆணி நல்ல உதாரணம்: நீளவாக்கில் வீசினால் நல்ல உலோகம் போல மேலே ஏறும், குறுக்கே வீசினால் இரும்பென்று உண்மையைச் சொல்லிவிடும். நம் கரையில் இந்தச் சோதனை இல்லாமல் தேடவே முடியாது. கொள்ளுப்பிட்டியிலிருந்து தெற்கே ரயில் பாதை கடலை ஒட்டியே ஓடுகிறது. ஆணி, போல்ட், நட், கம்பித் துண்டு என்று பழைய இரும்பு பாறைகளுக்கிடையிலும் மணலுக்குள்ளும் நிறையக் கிடக்கும்.

சோடா மூடிதான் பெரிய ஏமாற்று. பியர் மூடியும் ஜிஞ்சர் பியர் மூடியும் தகரம், அதாவது மெல்லிய உருக்கு. இரும்புப் பக்கத்தில் காட்ட வேண்டியது. ஆனால் தட்டையாக வட்டமாக இருப்பதால் 15-க்கு மேல் ஏறி, மோதிரம் மாதிரி உறுதியாக நிற்கும். பிடிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, சிக்னலின் நடுவிலிருந்து கொயிலை மெல்லப் பின்னுக்கு இழுத்து, நுனி மட்டும் மூடியின் மேல் படும்படி வீசுவது. நல்ல உலோகம் மெலிந்து மறையும். மூடி அந்த விளிம்பில் இரும்புக்குரிய தடித்த குரலில் உறுமும். மற்றது, குதிரை லாடப் படம் போட்ட பொத்தானை அழுத்தி, சத்தம் வராதபடி ஒதுக்கி வைத்த இரும்பு எண்களையும் திறந்துவிட்டுக் கேட்பது. எண் 18, ஆனால் ஓரங்களில் இரும்புச் சத்தம் என்றால் பெரும்பாலும் மூடிதான். துருப்பிடித்த மூடி இதிலும் தப்பிவிடும், அதைத் தோண்டித்தான் ஆக வேண்டும்.

ஆழ அம்புகளை நான் அதிகம் நம்புவதில்லை. மெஷின் எல்லாவற்றையும் ஒரு நாணயத்தின் அளவு என்று எடுத்துக்கொண்டு, சிக்னலின் பலத்தை வைத்து ஆழத்தை ஊகிக்கிறது. தோட்டுத் திருகு மேலேயே கிடந்தாலும் ஆழம் என்று காட்டும், பெரிய டின் ஒன்று முழங்கை ஆழத்தில் இருந்தாலும் மேலே என்று காட்டும். உண்மையிலேயே ஆழத்தில் கிடக்கும் பொருளின் எண்ணும் தளர்ந்து இரும்புப் பக்கம் சாயும். அந்த மாதிரி இடத்தில் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, சத்தம் திரும்பத் திரும்ப ஒரே புள்ளியில் வருகிறதா என்று மட்டும் கேட்பேன்.

உப்பு நீரும் ஒரு கடத்தி என்பதை மறக்கக் கூடாது. காய்ந்த மணலில் அமைதியாக இருக்கும் மெஷின் அலை வந்து போகும் இடத்தில் 0, 1, 2 என்று தானாகப் பேசத் தொடங்கும். மெல்லிய தங்கம் இருக்கும் எண்களும் அவையே. தொல்லையாக இருக்கிறதென்று 1-ஐயும் 2-ஐயும் ஒதுக்கிவிட்டால் கொடியும் தோடும் அத்தோடு போய்விடும். அதற்குப் பதிலாகக் கடற்கரைக்கான நிலைக்கு மாற்றி, கொயிலை மணலுக்கு மேல் ஒரே உயரத்தில் பிடித்து, மணலின் சொந்தப் பதிலை மெஷின் கழித்துவிடும்படி நிலச் சமன் செய்து, உணர்திறனைக் குறைப்பேன். அலைக்குள்ளேயே இறங்கினால் இரண்டாவது கடற்கரை நிலை, அதில் மெஷின் அனுப்பும் சக்தியே குறைவு. ஒரே அதிர்வெண்ணில் ஓடும் மலிவு மெஷின்கள் ஈர மணலில் திணறுவதும் உப்பால்தான். பல அதிர்வெண்களை ஒரே நேரத்தில் அனுப்பும் மெஷின் உப்பின் பதிலைப் பிரித்தெடுத்து அமுக்கிவிடும். மழைக்காலத்தில் கரையில் இரும்புத் தாது கலந்த கருமணல் கோடுகோடாகத் தங்கும் இடங்களிலும் இதே கவனம் வேண்டும். மரைன் டிரைவ் பக்கத்து அடுக்குமாடிகளும் மின்கம்பிகளும் வேறு இடைஞ்சல் தரும். கொயிலை அசைக்காமல் பிடித்திருக்கும்போதே எண் ஓடினால் அது மின்சாரம்தான். இரைச்சல் நீக்கும் பொத்தானை அழுத்தி, கையடக்கத் தொலைபேசியை விமான நிலையில் போட்டால் அடங்கும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எண் பட்டியல்கள் அநேகமாக அமெரிக்க நாணயங்களுக்கானவை. அவர்களுடைய ஐந்து சத நிக்கல் 12, 13-இல் நிற்கும் என்பது நமக்கு எதற்கு? நம் நாணயங்களின் கதையே வேறு. 1978-இல் வந்த ஐந்து சதமும் பத்துச் சதமும் அலுமினியம். பழைய ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் செம்பும் நிக்கலும் கலந்தவை. 2005-க்குப் பிறகு வந்த ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய்கள் உருக்கின் மேல் வேறு உலோகம் பூசியவை. 2017-இலிருந்து துருப்பிடிக்காத உருக்கு. அதாவது இன்று கடற்கரையில் விழும் காசு பெரும்பாலும் இரும்புக் குடும்பம், எண் தாவும் அல்லது கீழே போகும். இரும்பை ஒதுக்கித் தேடுபவருக்குக் காசு அதிகம் கிடைக்காது. நகை தேடுபவருக்கு அது நல்லதே. உங்கள் மெஷினுக்கு உங்கள் வீட்டுக் காசையும் நகையையும் வைத்து ஒரு கொப்பியில் பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். அதைவிடச் சிறந்த பட்டியலை யாரும் விற்கமாட்டார்கள்.

எண்ணுக்கும் நகைக்கும் சம்பந்தமில்லாத ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். என் மச்சாள் வடக்கே முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தவர். அவர்கள் பாவித்த டிடெக்டரில் இந்த எண் விளையாட்டெல்லாம் இல்லை, சத்தம் மட்டும்தான். சத்தம் வந்தால் முழங்காலில் இருந்து, பக்கத்திலிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக மண்ணைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். ஆணியா, துப்பாக்கி ரவைக் கோதா, வெடியா என்று ஊகிக்கும் உரிமை அங்கே மெஷினுக்கும் இல்லை, மனிதருக்கும் இல்லை. வன்னியில் நிறையப் புதைக்கப்பட்ட பி4 மிதிவெடியில் உலோகம் மிகச் சொற்பம், உடல் பிளாஸ்டிக். தாலிக்கொடியின் கொக்கியைவிட மெலிதான சிக்னலை நம்பித்தான் அவரும் கூட வேலை செய்த பெண்களும் அடியடியாக நிலத்தை மீட்டார்கள். ஒருநாள் என்னோடு கரைக்கு வந்தபோது அவர் திரையைப் பார்க்கவே இல்லை. நான் தாண்டிப் போன ஒரு மெல்லிய சத்தத்தைக் கேட்டு, "இது ஒண்டு இருக்கு" என்று நின்றார். அவரைப் பார்த்த பிறகுதான் ஹெட்போனை நான் மதிக்கத் தொடங்கினேன்.

மெஷினோடு கரையில் நடக்கும் தமிழருக்குக் கொழும்பில் இன்னொரு கவலையும் உண்டு. டிடெக்டர் என்றாலே சோதனைச் சாவடி ஞாபகம் வரும் தலைமுறை நாங்கள். யார் நீ, எதைத் தேடுகிறாய் என்று கேட்பார்கள், கேட்பது நியாயம்தான். புதையல் தோண்டப் போய் மெஷினோடு பிடிபட்டவர்கள் செய்தி இங்கே அடிக்கடி வருகிறது. நான் நகையின் உரிமையாளர் கூடவே நிற்காமல் தேடுவதில்லை. பக்கத்துப் பொலிஸுக்குச் சொல்லிவிட்டே தொடங்குவேன். மணலைத் தவிர வேறெங்கும் தோண்டமாட்டேன். 1940-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தொல்பொருள் சட்டப்படி, நிலத்துக்குள் கிடக்கும் தொல்பொருள் அரசுக்கு உரியது, அனுமதியில்லாமல் அதைத் தேடித் தோண்டுவது குற்றம். ஒல்லாந்தர் காலத்துச் செப்புக் காசும் தண்ணீர்க் குழாயின் செப்புத் துண்டும் திரையில் வேறுபடாது, ஆகவே கோட்டைப் பக்கமோ பழைய கட்டடங்களின் பக்கமோ மெஷினை எடுத்துப் போகவே வேண்டாம். மெஷின் வாங்குவதற்கு முன், அதைக் கொண்டுவரவும் வைத்திருக்கவும் என்ன அனுமதி வேண்டும் என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

கடலுக்கு மனிதர் கொடுத்தவையும் உண்டு. சுருட்டிய செப்புத் தகடு, தாயத்துக் கூடு, சிவப்புத் துணியில் முடிந்த காசு. முகத்துவாரத்தில் ஆடி அமாவாசைக்குப் பிறகு இவை கரையில் ஒதுங்கும். எண் அழகாக, உயர்ந்து, நிலையாக வரும். எடுத்துப் பார்த்து இன்னதென்று தெரிந்ததும் அலைக்குள் திருப்பிப் போட்டுவிடுவேன். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டுக் காணொளிகளில் கடல் வெகுதூரம் பின்வாங்க, ஈர மணலில் ஆறுதலாகத் தேடுகிறார்கள். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே ஒரு மீற்றர் வித்தியாசம்கூட இல்லை. இங்கே மணலைப் புரட்டுவது தென்மேற்குப் பருவக்காற்று. மே மாதத்திலிருந்து அலை கரையை அரித்துக்கொண்டு போகும், ஆழத்தில் போனவை மேலே வரும், பிறகு காற்று மாற மணல் திரும்ப நிறையும். அதனால் போன வருடம் தொலைந்தது இந்த ஜூலையில் கிடைக்கலாம். அதே காரணத்தால் இன்று தொலைந்ததை இன்றே தேட வேண்டும்.

தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: அந்த இடத்தைக் கால்களால் கிளற வேண்டாம், மோதிரம் இன்னும் கீழே போகும். நின்ற இடத்திலேயே நின்று கரையைப் பார்த்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். பின்னால் தெரியும் கட்டடமும் ரயில் பாதைக் கம்பமும் சேர்ந்தால் இடத்தைச் சில அடிக்குள் பிடித்துவிடலாம். எத்தனை மணிக்கு, தண்ணீர் எவ்வளவு உயரத்தில் என்று எழுதி வையுங்கள். நகையின் படமோ கடை பில்லோ இருந்தால் எடை தெரியும். அதே மாதிரி இன்னொன்று வீட்டில் இருந்தால் கையோடு கொண்டு வாருங்கள், வேலை முடிந்ததும் முதல் காரியமாக அதைத்தான் திருப்பித் தருவேன்.